கீழ்க்கணக்கில் உயிரோடிருப்பவர்கள்

செல்லசாமி எவரையும் நம்பாதவன். அதை அவன் ஒரு குறையாக நினைத்ததில்லை. தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவனுக்குக் கொழுந்து நிறுக்கிற தராசைச் சந்தேகிக்கத் தெரியாவிட்டால் வேறு எது தெரிந்து என்ன பயன் என்பது அவன் கட்சி. கடைக்காரன் சிரித்தால் அரிசியில் கல் இருக்கிறது என்பான். யாராவது பெரிய மனிதர் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கு வந்து தோளில் கை போட்டால் தேர்தல் எப்போது என்று கேட்பான். அப்படிப்பட்டவனைத்தான் அக்கரப்பத்தனைப் பக்கத்து அந்தத் தோட்டத்தின் கீழ்க்கணக்குப் பிரிவினர் தங்கள் மரணாதாரச் சங்கத்துக்குச் செயலாளராக வைத்திருந்தார்கள். யாரையும் நம்பாதவன் கையில்தான் பொதுக்காசு பத்திரமாக இருக்கும் என்று சங்கத் தலைவர் அழகுமுத்து சொல்லுவார்.

சங்கம் பெரிய விஷயமொன்றும் இல்லை. மாதாமாதம் வீட்டுக்கு ஒரு தொகை வாங்கித் தபால் கந்தோரில் போட்டு வைப்பார்கள். லயத்தில் சாவு விழுந்தால் அன்றைக்கே சவப்பெட்டி வந்துவிடும். கோடித்துணி, பந்தலுக்குத் தகரம், தப்படிக்கிறவர்களுக்குக் கூலி, குழி வெட்டுகிறவர்களுக்குச் சாராயம், வந்தவர்களுக்குப் பாலில்லாத தேநீரான சாயத்தண்ணி எல்லாம் சங்கத்தின் பொறுப்பு. செத்தது யார், வயதென்ன, என்ன நோய் என்று ஒருவரும் கேட்பதில்லை. லயத்தின் ஒற்றை அறை வீடான அந்தக் காம்பராவில் பிணம் கிடக்கிறதா என்பதுதான் கேள்வி. பண்டாரவளையிலிருந்து விருந்துக்கு வந்து, கறி தின்றுவிட்டு இரவோடு இரவாகச் செத்துப்போன மச்சான் ஒருவரைக்கூட ஒருமுறை சங்கம்தான் அடக்கம் செய்தது.

சமாதானக் காலம் அது. யாழ்ப்பாணப் பாதை திறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. கொழும்பில் கம்பனிகளை வாங்குவதும் விற்பதுமாக இருக்கிறார்கள் என்று பத்திரிகையில் வரும். தோட்டங்களே கம்பனிகளுக்குக் கைமாறிப் பத்து வருடம் ஆகியிருந்ததால் அந்தச் செய்தி கீழ்க்கணக்கில் யாருக்கும் புதிதாகப் படவில்லை. அந்த நாட்களில்தான் ஜெயரத்தினம் வந்தார்.

உதயகிரி காப்புறுதிக் கம்பனியின் நுவரெலியாக் கிளையில் வேலை என்று சொன்னார். யாழ்ப்பாணத்துக்காரர். ஊரில் கணக்கு வாத்தியாராக இருந்து, இடம்பெயர்ந்து, எங்கெங்கோ அலைந்து, மனைவி புனிதவதியோடு நானுஓயாவில் வாடகை அறையில் இருந்தார். கொடுத்த சாயத்தண்ணியை முகம் சுளிக்காமல் குடித்தார். இரண்டாவது கோப்பையும் கேட்டு வாங்கிக் குடித்தார். அப்போதே செல்லசாமிக்குச் சந்தேகம் பிடித்துக்கொண்டது.

ஜெயரத்தினம் சொன்னது இதுதான். காப்புறுதித் தொழிலுக்குப் புதுச்சட்டம் வந்துவிட்டது. கொழும்பில் அதற்கென்று ஒரு சபையும் வைத்துவிட்டார்கள். பதிவு இல்லாமல் ஆட்களிடம் மாதக்காசு வாங்கிச் சாவுக்குப் பணம் கொடுப்பது இனிமேல் சிக்கலாகலாம். சங்கத்தை அப்படியே கம்பனியோடு சேர்த்து ஒரு கூட்டுக் காப்புறுதி எடுத்துவிட்டால், சாவு விழுந்த குடும்பத்துக்கு இருபத்தையாயிரம் ரூபாய் கிடைக்கும். இப்போது சங்கம் செலவழிப்பதைப்போல மூன்று மடங்கு.

"சட்டத்துல எங்க சங்கத்தப் பத்தி எழுதியிருக்காங்களாங்க?" என்று செல்லசாமி கேட்டான்.

"உங்கடை சங்கம் எண்டு பேர் சொல்லி எழுதுவினமே? பொதுவாத்தான் கிடக்குது. நான் பயப்பிடுத்த வரேல்லை. யோசிச்சுப் பாருங்கோ எண்டுதான் சொல்லுறன்."

பயப்படுத்த வரவில்லை என்று சொல்லுகிறவன் எதற்கு வருவான் என்று செல்லசாமிக்குத் தெரியும். ஆனால் பெட்டி விலை ஏறிக்கொண்டே இருந்ததும் அவனுக்குத் தெரியும். போன வருடம் அடுத்தடுத்து விழுந்த சாவுகளில் சங்கத்தின் கையிருப்பு பாதியாகியிருந்தது. கடைசியாகச் செத்தவருக்கு வாங்கிய பெட்டியின் அடிப்பலகை சவுக்கு மரமா தேயிலைப் பெட்டிப் பலகையா என்றே சொல்ல முடியவில்லை. தூக்கும்போது நான்கு பேரும் கையை அடியில் கொடுத்துத் தாங்கிக்கொண்டு போனார்கள். அதை அவன் மறக்கவில்லை.

ஆகவே ஒரு நாள் லீவு போட்டு நுவரெலியாவுக்குப் போனான். கம்பனிக்குள் போகவில்லை. எதிரே இருந்த தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து காலை முழுவதும் அந்தக் கண்ணாடிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். போகிறவர்கள் எந்த முகத்தோடு போகிறார்கள், வருகிறவர்கள் எந்த முகத்தோடு வருகிறார்கள் என்பதுதான் அவன் கணக்கு. மரக்கறி லொறிக்காரன் ஒருவன் உள்ளே போய், கொஞ்ச நேரத்தில் சிரித்துக்கொண்டே வெளியே வந்தான். கடைக்கு வந்து தன் கூட்டாளியிடம் ஒரு காசோலையைக் காட்டினான். ரம்பொடையில் லொறி புரண்டதற்குக் கிடைத்த பணமாம். செல்லசாமிக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். அவன் எழுந்து கால்சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டான். லொறிக்குக் கொடுக்கிறவன் மனிதனுக்குக் கொடுக்காமலா போவான் என்று நினைத்தான். அவன் விட்ட பிழைகளில் அது முதலாவது.

பிள்ளைக்காம்பராவில் கூட்டம் போட்டார்கள். கூலிக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகிற அந்த அறையில்தான் சங்கக் கூட்டமும் நடக்கும். வழக்கமாக எதற்கும் குறுக்கே பேசுகிற செல்லசாமி எழுந்து, நான் பார்த்துவிட்டு வந்தேன், கம்பனி நல்ல கம்பனிதான் என்றான். கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. அவனே நம்புகிறான் என்றால் இனி என்ன என்று எல்லோரும் கையைத் தூக்கிவிட்டார்கள். அவனுடைய மனைவி நாகலெட்சுமி மட்டும் வீட்டுக்கு வந்ததும் ஒரு பார்வை பார்த்தாள்.

"எம் பொறந்த வீட்டுக்காரங்க போடுற சோத்தக்கூட மோந்து பாத்துட்டுத்தான் தின்னுவீங்க. இத மட்டும் எப்பிடி நம்புனீங்க?"

தான் நம்பவில்லை என்றும், நேரில் பார்த்தேன் என்றும் அவன் சொன்னான். கதவைத்தானே பார்த்தீர்கள் என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

கையிருப்பில் பெரும்பகுதி முதல் தவணையாகப் போயிற்று. மீதியைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளத் தோட்டத்தை நிர்வகிக்கும் தொரை சம்மதித்தார். அடுத்த ஞாயிறு பெயர் எடுக்க ஜெயரத்தினம் வந்தார். ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வேண்டாம், கூட்டுக் காப்புறுதிக்குச் சங்கத்தின் கையெழுத்துப் போதும், குடும்பத் தலைவரின் பெயரை மட்டும் சொல்லுங்கள் என்றார். செல்லசாமி அவரை லயம் லயமாகக் கூட்டிப்போனான். மழை தூறிக்கொண்டிருந்தது. ஜெயரத்தினம் குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு எழுதினார்.

"இது ஆற்றை வீடு?"

"கந்தப்பன் வீடுங்க."

"இது?"

"இது எங்க வீடுதாங்க. சிவசாமி வீடு."

இந்த இடத்தில் கீழ்க்கணக்கின் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மரணாதாரச் சங்கத்தில் ஒரு காம்பராவுக்கு ஒரு பெயர்தான். முதன்முதலில் சேர்ந்தவர் பெயர் எதுவோ அதுவே எப்போதும் நிற்கும். அவர் செத்தாலும் எடுக்கமாட்டார்கள். எடுத்தால் யார் பெயரைப் போடுவது? சாவுச் சங்கத்தில் உயிரோடு இருக்கிறவன் பெயரை எழுதுவது, வா என்று சாவைக் கூப்பிட்டு வழி காட்டுவதைப் போன்றது என்று எல்லோரும் நினைத்தார்கள். செத்தவனுக்கு இனி என்ன வந்துவிடப்போகிறது? அவன் பெயர் நின்றால் வீட்டில் மற்றவர்களுக்குக் கெடுதல் இல்லை. இப்படியே பல காம்பராக்களுக்கு ஆள் போய்ப் பல வருடமாகியும் பெயர் போகவில்லை. கந்தப்பன் லயத்து மண்ணுக்குள் போய் எத்தனையோ காலம். சிவசாமி செல்லசாமியின் அப்பன். மாரடைப்பில், தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் விழுந்து செத்தவர். மாதாமாதம் அவர் பெயருக்குத்தான் செல்லசாமி காசு கட்டி வந்தான்.

காப்புறுதியும் காம்பராவுக்குத்தான் என்று அவன் நினைத்தான். பெயர் ஒரு கதவு இலக்கம் மாதிரி. ஜெயரத்தினமோ தான் எழுதுவது உயிரோடிருக்கும் மனிதர்களின் பெயர் என்று நினைத்தார். வயது கேட்டார். நீங்களே பார்த்துப் போடுங்கள் என்று செல்லசாமி சொன்னான். மழையில் நின்றுகொண்டு அதைத் துருவ அவருக்கும் மனம் வரவில்லை. நுவரெலியா பஸ்ஸில் உட்கார்ந்து எல்லோருக்கும் நாற்பதிலிருந்து ஐம்பதுக்குள் ஏதோ ஒரு வயதைப் போட்டார். அன்றைக்குக் கீழ்க்கணக்கின் செத்தவர்களெல்லாம் நடு வயதில் எழுந்து உட்கார்ந்தார்கள்.

ஆடி மழையில் ராக்காயி செத்தாள். கந்தப்பனின் பெண்சாதி. கொஞ்சநாள் இருமிக்கொண்டிருந்தவள் ஒருநாள் இருமவில்லை. சங்கத்தில் காசு இல்லை. கம்பனிக் காசு வந்ததும் மீட்டுவிடலாம் என்று அவள் மகன் கிஷாந்த் தன் மனைவியின் தோட்டை அடகு வைத்துப் பெட்டி வாங்கினான். மரணச் சான்றிதழ் கிடைத்ததும் செல்லசாமி அதைப் பிளாஸ்ரிக் பையில் சுற்றிக்கொண்டு நுவரெலியாவுக்குப் போனான். இந்தத் தடவை கண்ணாடிக் கதவுக்குள் போனான்.

ஜெயரத்தினம் இரண்டு தடவை தேடினார்.

"ராக்காயி எண்டு ஒருத்தரும் இல்லையே."

"கந்தப்பன் வீட்டு ராக்காயிங்க."

"ஓம், கந்தப்பன் இருக்கிறார். அவருக்குத்தானே காப்புறுதி. மனுசிக்கு இல்லை. கந்தப்பன் இப்ப எங்கை?"

"அவரு செத்து ரொம்ப வருசமாச்சுங்களே."

ஜெயரத்தினம் எழுந்து போய் அறைக்கதவைச் சாத்திவிட்டு வந்தார். வேறு எத்தனை பேர் என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். செல்லசாமி லயங்களை மனதுக்குள் நடந்து பார்த்து விரல் மடக்கினான். இரண்டு கைவிரல்களும் முடிந்து திரும்பவும் முதலிலிருந்து மடக்கினான். ஜெயரத்தினம் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இவன் வேண்டுமென்றே செத்தவர்களைச் சேர்த்திருக்கிறான் என்று அவர் நினைப்பது முகத்தில் தெரிந்தது. இவருக்கு முதலிலிருந்தே தெரியும், தரகுக்காசுக்காகப் பேசாமல் இருந்திருக்கிறார் என்று செல்லசாமி நினைத்தான். கணக்கு வாத்தியாராக இருந்தவருக்கு பெயர் எழுதிய ஆட்களில் பலரைக் கண்ணாலேயே காணவில்லையே என்று தோன்றாமலா இருந்திருக்கும்?

ராக்காயியின் காசுக்கு ஒரு வழி பண்ணுகிறேன், கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லி ஜெயரத்தினம் அவனை அனுப்பி வைத்தார். வழி பண்ணுகிறேன் என்ற சொல்லைக் கிஷாந்திடம் கொண்டுபோய்க் கொடுப்பது செல்லசாமிக்குச் சங்கடமாக இருந்தது. ஆனாலும் கொடுத்தான். கிஷாந்தின் மனைவி நிஷாந்தி காதில் ஈர்க்குச்சி செருகியிருந்தாள். செல்லசாமி அந்தப் பக்கம் பார்க்காமல் திரும்பினான்.

இரண்டு வாரம் கழித்து ஜெயரத்தினமே தோட்டத்துக்கு வந்தார். இந்தத் தடவை சாயத்தண்ணி வேண்டாம் என்றார். அழகுமுத்துவையும் செல்லசாமியையும் பிள்ளைக்காம்பராவுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய் விஷயத்தைச் சொன்னார். உதயகிரிக் கம்பனியை வெளிநாட்டுக் கம்பனி ஒன்று வாங்கப் போகிறது. இவ்வளவு முதல் இல்லாமல் காப்புறுதி நடத்தமுடியாது என்று ஆகிவிட்டதால் சின்னக் கம்பனிகள் தாக்குப்பிடிக்க முடியாமல் விலை போகின்றன. வாங்குகிறவர்கள் உயிர் எத்தனை என்று எண்ணித்தான் விலை பேசுகிறார்கள். கணக்கில் இருக்கிற ஆட்கள் உண்மையில் இருக்கிறார்களா என்று பார்க்கச் சில தோட்டங்களுக்கு ஆள் அனுப்புகிறார்கள். அதில் இந்தத் தோட்டமும் விழுந்துவிட்டது.

"வாறவைக்கு உங்கடை முகம் ஒண்டும் தெரியாது," என்றார் ஜெயரத்தினம். "காலமை பெரட்டிலை வைச்சுப் பேர் கூப்பிடுவினம். ஆர் எண்டாலும் ஒராள் 'இருக்கிறன்' எண்டு சொன்னால் போதும். விற்பனை முடிஞ்சாப் பிறகு புதுக் கம்பனி பேர் திருத்தத் தவணை குடுக்கும். நான் எல்லாத்தையும் சரியா மாத்தி விடுறன். ராக்காயியின்ரை காசையும் எடுத்துத் தாறன்."

"இல்லேன்னா?" என்றார் அழகுமுத்து.

"இல்லாட்டி மோசடி எண்டு எழுதுவினம். நீங்கள் கட்டின காசும் இல்லை. என்ரை முகவர் பதிவும் இல்லை." அவர் கண் கலங்கியது. "இந்த வயதிலை நான் இனி எங்கை போறது?"

அந்தக் கண்ணீரையும் செல்லசாமி நம்பவில்லை. அழுகிறவர் பொய் சொல்கிறார் என்று அதற்குப் பொருளில்லை. அழுகை அவருடைய வேலைக்கானது, சங்கத்துக்கானது இல்லை. அவ்வளவுதான்.

அழகுமுத்து அன்று மாலை எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார். எதிர்ப்பு எழும் என்று செல்லசாமி எதிர்பார்த்தான். ஒருவரும் எதிர்க்கவில்லை. வேலைக்கு முன் ஆள் எண்ணுகிற பெரட்டில் வராதவனுக்காக வந்தவன் குரல் கொடுப்பது அவர்களுக்குப் புதிதா என்ன? கணக்கப்பிள்ளை காலையில் பெயர் கூப்பிடும்போது, காய்ச்சலில் படுத்திருக்கிற பெண்ணுக்காகப் பக்கத்தில் நிற்கிறவள் பதில் சொல்லுவாள். அவரும் தெரிந்தும் தெரியாததுபோல் எழுதிக்கொள்ளுவார். செத்தவருக்காக மகன் சொல்லுவதும் அப்படித்தானே என்றார்கள். ஒருவன் தன் மாமனார் பெயருக்குக் குரலை மாற்றிச் சொல்லிக்காட்டி எல்லோரையும் சிரிக்க வைத்தான். கிஷாந்த் தன் அப்பன் கந்தப்பன் பெயருக்கு நான் சொல்லுகிறேன் என்று முந்திக்கொண்டான்.

செல்லசாமி சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கம்பனி நல்ல கம்பனி என்று சொல்லி இதைக் கொண்டுவந்தவன் அவன். காசு போனால் கீழ்க்கணக்கில் இனி ஒருவன் முகத்தில் விழிக்க முடியாது. அடுத்த பிணம் எந்தக் காம்பராவில் விழுந்தாலும் அவன் பெயரைச் சொல்லித்தான் ஒப்பாரி வைப்பார்கள். பெரட்டில் 'இருக்கேன்' என்று ஒரு சொல் சொன்னால் இதெல்லாம் தீர்ந்தது. அவன் பயந்தது அந்த ஒரு சொல்லுக்குத்தான்.

வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் கொழும்புச் சிங்களவர். கையில் பெயர்ப்பட்டியல் செருகிய அட்டை வைத்துக்கொண்டு நின்றார். மற்றவர் வான் வண்டியிலிருந்து இறங்கவே இல்லை. குளிருக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். பெரட்டுக் களத்தில் பனி கலையவில்லை. கொழுந்துக் கூடைகளோடு பெண்கள் ஒரு பக்கமும் ஆண்கள் ஒரு பக்கமும் நின்றார்கள். ஜெயரத்தினம் பெயர் கூப்பிட்டார்.

அழகுமுத்து என்றதும் அழகுமுத்து கை தூக்கினார். அடுத்து ஒரு செத்தவர். அவர் மருமகன் இருக்கேன் என்றான். அடுத்தது இன்னொருவர். குரல் வந்தது. பெயர் கூப்பிடுவதும் குரல் வருவதும் ஒரு தாளத்துக்கு வந்துவிட்டது. வழக்கமான பெரட்டைவிட அன்றைக்கு எல்லோரும் நேர்த்தியாகப் பதில் சொன்னார்கள். கந்தப்பன் என்றதும் கிஷாந்த் தலையை நிமிர்த்தி, இருக்கேனுங்க என்றான். அவன் அம்மா செத்து இன்னும் தொண்ணூறு நாள் ஆகியிருக்கவில்லை.

செல்லசாமி அட்டை வைத்திருந்தவரின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தராசின் முள்ளைப் பார்க்கிற அதே பார்வை. அந்தக் கை குரல் வருவதற்கு முன்னாலேயே அடையாளம் போட்டுவிட்டது. பெயர் கூப்பிட்டதும் ஒரு கீறல். யார் சொன்னது, எந்தப் பக்கமிருந்து சொன்னது என்று பார்க்கக் கண் நிமிரவில்லை. ஓரிடத்தில் குரல் கொஞ்சம் தாமதமாக வந்தது. அந்த ஆள் அதற்குள் அடுத்த வரிக்குப் போயிருந்தார்.

அதைப் பார்த்ததும் செல்லசாமிக்குக் கணக்கு விளங்கிவிட்டது. இவர்களுக்கு ஆள் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? எண்ணிக்கை வேண்டும். வாங்குகிறவனுக்கு வாங்கும் அவசரம், விற்கிறவனுக்கு விற்கும் அவசரம். இன்றைக்கு முகத்தைப் பார்க்காத இதே ஆட்கள் நாளைக்கு ஒரு பிணத்துக்குப் பணம் கேட்டுப் போகும்போது முகத்தைப் பார்ப்பார்கள், பல்லைப் பார்ப்பார்கள், அப்பன் பெயரைப் பார்ப்பார்கள். அன்றைக்கு நீதானே பெரட்டில் நின்று உன் அப்பன் பெயரைச் சொன்னவன், போலீசுக்கு வா என்பார்கள். அதன் பிறகு கீழ்க்கணக்கில் ஒருவனும் காசு கேட்டு வாய் திறக்க முடியாது. காலம் முழுக்கக் கட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

"சிவசாமி," என்றார் ஜெயரத்தினம்.

குரல் வரவில்லை.

"சிவசாமி," என்று இரண்டாவது தடவை கூப்பிட்டபோது அவர் தலையைத் தூக்கி நேராகச் செல்லசாமியைப் பார்த்தார். பெண்கள் பக்கமிருந்து நாகலெட்சுமி இருமினாள். அழகுமுத்து பல்லைக் கடித்துக்கொண்டு, சொல்லித் தொலைடா என்று முணுமுணுத்தது கேட்டது. பக்கத்தில் நின்றவன், நான் சொல்லட்டுமா அண்ணே என்றான். செல்லசாமி அவன் கையைப் பிடித்து நிறுத்தினான்.

ஜெயரத்தினம் மாற்றிச் சொல்லிவிடக்கூடாது என்பதற்காக அவன் தமிழில் சொல்லவில்லை. அட்டை வைத்திருந்தவரைப் பார்த்துச் சிங்களத்தில் சொன்னான்.

"எயா மெரிலா, மஹத்தயா."

அவர் செத்துவிட்டார் என்பது களத்தில் நின்ற எல்லோருக்கும் விளங்கியது. அந்தக் கை முதல் தடவையாக நின்றது. எப்போது என்று அவர் கேட்டார். செல்லசாமி சொன்னான். இந்தக் காப்புறுதி எடுத்த பிறகா என்று கேட்டார். அதற்கும் முன்னால், வெகுகாலம் முன்னால் என்றான். இன்னும் பலர் இருக்கிறார்கள் என்றும், நாங்கள் ஏமாற்றவில்லை, எங்கள் சங்கத்தில் பெயரை மாற்றுவதில்லை என்றும் சொன்னான். அதை அந்த மனிதர் காதில் வாங்கினாரா தெரியவில்லை. வானை நோக்கி நடந்தார். உள்ளே இருந்தவர் கண்ணாடியை இறக்கிக் கேட்டுவிட்டுத் திரும்பவும் ஏற்றினார். வான் போய்விட்டது. ஜெயரத்தினத்தை ஏற்றாமலே போய்விட்டது.

அவர் களத்தின் நடுவில் குடையோடு நின்றார். பிறகு அவரே பஸ் பாதைப் பக்கம் இறங்கினார். செல்லசாமியைத் தாண்டும்போது நின்று, "நல்லாயிருங்கோ," என்றார். அது வாழ்த்தா வசையா என்று செல்லசாமிக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

கூட்டுக் காப்புறுதியைக் கம்பனி ரத்துச் செய்தது. கட்டிய காசு போயிற்று. கொழும்பில் விற்பனை நடந்துதான் முடிந்தது. பத்திரிகையில் இரண்டு கோட்டுக்காரர்கள் கைகுலுக்கும் படம் வந்தது. அதில் வாழைப்பழம் சுற்றித் தந்தான் கடைக்காரன். கீழ்க்கணக்கு கணக்கில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தக் கைகள் குலுங்கியிருக்கும் என்று செல்லசாமிக்குத் தோன்றியது. ஜெயரத்தினம் கொத்மலைப் பக்கம் ஒரு கடையில் கணக்கெழுதுவதாகச் சொன்னார்கள். வெளிநாடு போய்விட்டார் என்று சொன்னவர்களும் உண்டு.

செல்லசாமி சும்மா இருக்கவில்லை. கொழும்பிலிருக்கிற அந்தச் சபைக்கு ஒரு முறைப்பாடு எழுதிப் போட்டான். செத்தவன் உயிருக்கு எப்படிக் காப்புறுதி எடுக்க முடியும், எடுக்க முடியாது என்றால் அந்தப் பெயர்களுக்கு வாங்கிய காசு யாருடையது என்பதுதான் கேள்வி. நாகலெட்சுமி அதைக் கேட்டுச் சிரித்தாள். ஆனால் ஒரு வருடம் கழித்துப் பதில் வந்தது. புதுக் கம்பனி செத்தவர்களின் பங்கைத் திருப்பித் தந்தது. உயிரோடிருந்தவர்களின் பங்கைத் தரவில்லை. அவர்களுக்கு அந்த மாதங்களில் காப்புறுதி இருந்தது, சாகாதது கம்பனியின் குற்றமில்லை என்ற மாதிரி எழுதியிருந்தார்கள்.

வந்த காசிலிருந்து நிஷாந்தியின் தோட்டை மீட்டுக்கொடுக்கலாம் என்று செல்லசாமி கூட்டத்தில் சொன்னான். எல்லோரும் சரி என்றார்கள். ஆனால் அவனுக்கு நன்றி என்று ஒருவரும் சொல்லவில்லை. அவ்வளவு பெரிய கம்பனி ஒரு தோட்டத்தான் எழுதியதற்காகக் காசு திருப்பித் தருமா என்று பேசிக்கொண்டார்கள். முதலில் உள்ளே இழுத்துவிட ஒரு காசு வாங்கியிருப்பான், பிறகு கலைத்துவிட வேறு யாரிடமோ வாங்கியிருப்பான், இப்போது மனச்சாட்சி குத்தவே கொஞ்சம் வெளியே விட்டிருக்கிறான் என்பது கீழ்க்கணக்கின் முடிவு. செல்லசாமிக்குக் கோபம் வரவில்லை. அவன் இடத்தில் வேறொருவன் இருந்திருந்தால் அவனும் இப்படித்தான் கணக்குப் போட்டிருப்பான்.

சங்கம் நின்றுவிடவில்லை. வீட்டுக்கு இவ்வளவு என்று மறுபடி தொடங்கினார்கள். செயலாளர் பதவிக்கு வேறு ஆள் கிடைக்காததால் அவனையே விட்டுவைத்தார்கள். ஆனால் அடுத்த சாவுக்கு, அழகுமுத்துவின் தம்பி காலமானபோது, ஹட்டனுக்குப் பெட்டி வாங்கப் போக அவனோடு ஒரு துணையும் போகட்டும் என்று அழகுமுத்து சொன்னார். முன்பெல்லாம் அவன் தனியேதான் போவான். துணைக்குக் கிஷாந்தை அனுப்பினார்கள்.

பஸ்ஸில் இருவரும் ஒரே இருக்கையில் உட்கார்ந்தார்கள். காசு கிஷாந்தின் சட்டைப் பையில் இருந்தது. பொத்தானைப் போட்டுக்கொள் என்று செல்லசாமி சொன்னான். அவன் போட்டுக்கொண்டான். பாதி வழியில் கிஷாந்த் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"மாமா, கோவிச்சுக்காதீங்க. அன்னைக்குப் பெரட்டுல அப்பிடிச் சொல்றதுக்கு எவ்வளவு குடுத்தாங்க?"

"யாருடா குடுக்கப் போறாங்க?"

"யாராச்சும்."

செல்லசாமி யோசித்தான். அந்தக் கையைப் பற்றிச் சொல்லலாம். குரல் வருமுன் கீறல் விழுந்ததைச் சொல்லலாம். அவனைத் தவிர வேறு யாரும் அதைப் பார்க்கவில்லை. பார்த்ததற்கு அவனிடம் அத்தாட்சி கிடையாது. இந்தக் கதையை வேறொருவன் இதே இருக்கையில் உட்கார்ந்து தனக்குச் சொல்லியிருந்தால் தான் என்ன செய்திருப்பான் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும்.

"ஒண்ணும் குடுக்கலடா," என்றான்.

கிஷாந்த் தலையை ஆட்டினான். சரி, சொல்ல விருப்பமில்லை போலிருக்கிறது என்கிற ஆட்டம். அவனைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஹட்டனில் இறங்கிப் பெட்டிக் கடைக்கு நடந்தார்கள். கிஷாந்த் எல்லாப் பெட்டிகளையும் புரட்டி, அடிப்பலகையைத் தட்டிப் பார்த்து, முதலாளி சொன்ன மரத்தை நம்பாமல் நகத்தால் சுரண்டி முகர்ந்தான். செல்லசாமி ஓரமாக நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த வருடத்திலிருந்து சங்கத்தை இவன் கையில் கொடுத்துவிடலாம் என்று நினைத்தான்.